ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகள்: ஐந்தை ஒப்பிப்பதைவிட மூன்று கேள்விகள் போதும்

ஆங்கிலத்தில் நவுன் எத்தனை வகை என்று கேட்டால் ஐந்து என்று உடனே பதில் வரும். ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று வரிசை தப்பாமல் ஒப்பிக்கவும் வரும். அப்படி ஒப்பித்தவரே எழுதும் மின்னஞ்சலில் 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்று இருக்கும். மனப்பாடம் செய்த ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பிழையைத் தடுக்கவில்லை.

கோளாறு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஐந்தும் ஒரே கேள்விக்கான ஐந்து விடைகள் அல்ல. மூன்று தனித்தனிக் கேள்விகளின் விடைகளைக் கலந்து ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 'டீம்' என்பது காமனா கலெக்டிவா, 'கோல்டு' காமனா மெட்டீரியலா என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். இரண்டும்தான் என்பதே சரியான பதில். ஓர் ஆளை உயரத்தாலும் வகைப்படுத்தலாம், வயதாலும் வகைப்படுத்தலாம் அல்லவா? அப்படித்தான்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. ஒன்று: இந்தச் சொல் ஒருவருக்கோ ஒரே இடத்துக்கோ வைத்த பெயரா, அந்த இனம் முழுவதற்கும் பொதுவான பெயரா? முதலாவது ப்ராப்பர், இரண்டாவது காமன். இரண்டு: இந்தச் சொல்லை ஒன்று, இரண்டு என்று எண்ணலாமா? எண்ணலாம் என்றால் கவுன்டபிள், முடியாது என்றால் அன்கவுன்டபிள். மூன்று: கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடியதா, மனத்தால் மட்டும் அறியக்கூடியதா? முன்னது கான்க்ரீட், பின்னது அப்ஸ்ட்ராக்ட். கலெக்டிவும் மெட்டீரியலும் இவற்றுக்குள் அடங்கும் சிறு பிரிவுகள்.

இந்த மூன்றுக்கும் சம மதிப்பு கிடையாது. முதல் கேள்வி, சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமா என்பதையும் 'தி' போட வேண்டுமா என்பதையும் முடிவு செய்கிறது. மூன்றாவது கேள்வியால் வாக்கியத்தில் கிட்டத்தட்ட எதுவுமே மாறாது. இரண்டாவது கேள்விதான் 'எ' போடலாமா, 'எஸ்' சேர்க்கலாமா, 'இஸ்' வருமா 'ஆர்' வருமா, 'மெனி'யா 'மச்'சா என்று நாலு இடத்தில் கை வைக்கிறது. பரீட்சைக்குப் படிப்பவர் ஐந்தையும் படிக்கட்டும். பிழையில்லாமல் எழுத நினைப்பவர் தன் நேரத்தில் முக்கால் பங்கை இரண்டாவது கேள்விக்குக் கொடுக்க வேண்டும்.

எது நவுன் என்று கண்டுபிடிப்பது

'ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர்' என்ற இலக்கணம் தொடக்கத்துக்குச் சரி. ஆனால் அதை மட்டும் நம்பினால் 'வாக்' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்வோம். தமிழில் 'நட' என்பது வினை, 'நடை' என்பது பெயர், உருவமே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அந்த வசதி கிடையாது. 'ஐ வாக் எவ்ரி டே' என்பதில் அது வெர்ப். 'ஐ வென்ட் ஃபார் எ வாக்' என்பதில் நவுன். சொல் ஒன்றே, இருக்கும் இடம்தான் வேறு.

ஆகவே இடத்தைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். சொல்லுக்கு முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' போன்ற ஒன்று பொருந்துகிறதா? 'ஆஃப்', 'இன்', 'ஃபார்' போன்ற சொற்களுக்குப் பின்னால் நிற்கிறதா? வாக்கியத்தின் எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் பெரும்பாலும் அது நவுன்தான். 'எ', 'தி'க்குப் பிறகு உடனே நவுன் வராமல் நடுவில் ஓர் அட்ஜெக்டிவ் நுழைந்திருக்கலாம்: 'எ லாங் வாக்'. அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

'ஐஎன்ஜி'யில் முடியும் சொற்களும் நவுனாக நிற்கும். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்ஸர்சைஸ்' என்பதில் 'ஸ்விம்மிங்' எழுவாய். நம் தொழிற்பெயர்தான் இது. நீந்துதல், நீச்சல் என்று மனத்தில் மாற்றிக்கொண்டால் உடனே பிடிபடும்.

உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்து எழுத்து மாறும் சில இணைகளும் உண்டு. அறிவுரை என்ற நவுனான 'அட்வைஸ்' கடைசியில் 'சி, இ' என்று முடியும். அறிவுரை சொல் என்ற வெர்ப் 'எஸ், இ' என்று முடியும். வெர்பின் கடைசி ஒலி 'இஸட்' போல அதிரும், நவுனில் அதிராது. தமிழில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து இல்லாததால் நம் காது இதைத் தவறவிடுகிறது. எழுதும்போதாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ப்ராப்பரும் காமனும்

இங்கே தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர், காமன் நவுன் என்றால் பொதுப்பெயர் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஆனால் நன்னூல் வழியில் 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர், 'பனை' இடுகுறிச் சிறப்புப்பெயர். மரங்களுக்குள் ஒரு வகையைச் சிறப்பாகச் சுட்டுவதால் அப்படி. ஆங்கிலத்தில் 'ட்ரீ', 'பாம்' இரண்டுமே காமன் நவுன்தான், ஏனென்றால் உலகில் உள்ள எல்லாப் பனைக்கும் அது பொதுப் பெயர். ஒரே ஒரு பனைமரத்துக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டால்தான் அது ப்ராப்பர். வகையின் பெயர் வேறு, தனி ஒன்றின் பெயர் வேறு.

ப்ராப்பர் நவுன் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் முதல் எழுத்து பெரியது. ஆட்கள், ஊர்கள், நாடுகளைப் பற்றி யாரும் தவறு செய்வதில்லை. கிழமைகள், மாதங்கள், மொழிகள் ஆகியவற்றில்தான் விட்டுவிடுகிறார்கள். 'மண்டே', 'ஜூலை', 'இங்கிலீஷ்', 'டமில்' எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஆனால் பருவங்களான 'சம்மர்', 'விண்டர்' சிறிய எழுத்தில் தொடங்கும். மாதத்துக்கு ஒன்று, பருவத்துக்கு இன்னொன்று. இதற்கு நியாயம் தேடாமல் பழகிக்கொள்வதே நல்லது.

உறவுப் பெயர்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'மை மதர்' என்றால் சிறிய எழுத்து, அங்கே 'மதர்' ஓர் உறவைச் சொல்லும் காமன் நவுன். அம்மாவைக் கூப்பிடுவது போல, பெயருக்குப் பதிலாக 'மதர்' என்று எழுதினால் பெரிய எழுத்து. முன்னால் 'மை', 'ஹிஸ்', 'தி' இருந்தால் சிறியது என்று வைத்துக்கொண்டால் போதும். 'பிரசிடென்ட்' போன்ற பதவிகளும் இதே மாதிரிதான்: 'பிரசிடென்ட் லிங்கன்' என்னும்போது பெரியது, 'எ பிரசிடென்ட்' என்னும்போது சிறியது.

பெயருக்கு முன்னால் 'தி' வருமா என்பது இன்னொரு தலைவலி. பெரும்பாலான பெயர்களுக்கு வராது: ஃப்ரான்ஸ், ஆசியா, மவுண்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா. ஆறு, கடல், பாலைவனம் ஆகியவற்றுக்கு வரும்: தி நைல், தி பசிஃபிக், தி சஹாரா. பன்மை வடிவில் உள்ள பெயர்களுக்கு வரும்: தி ஆல்ப்ஸ், தி நெதர்லாண்ட்ஸ், தி மால்டீவ்ஸ். பெயருக்குள்ளேயே 'ஸ்டேட்ஸ்', 'கிங்டம்', 'ரிப்பப்ளிக்' போன்ற காமன் நவுன் இருந்தாலும் வரும்: தி யுனைடெட் கிங்டம். ஊர்ப் பெயருக்கு வராது என்பதற்கு விதிவிலக்காக 'தி ஹேக்' நிற்கிறது.

ஆட்பெயர் தேய்ந்து காமன் நவுனாக மாறுவதும் உண்டு. அறிவியலாளர்கள் வோல்டா, வாட், நியூட்டன் ஆகியோரின் பெயர்கள் அளவைகளாகிவிட்டன. அளவையை முழுச்சொல்லாக எழுதும்போது 'வோல்ட்', 'வாட்', 'நியூட்டன்' எல்லாம் சிறிய எழுத்தில் தொடங்கும். சுருக்கக் குறியீடாக 'வி', 'டபிள்யூ', 'என்' என்று எழுதும்போது மட்டும் பெரிய எழுத்து. 'டிகிரி செல்சியஸ்' என்பதில் 'செல்சியஸ்' எப்போதும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும்.

எண்ணலாமா, கூடாதா

'மணி', அதாவது பணம், ஆங்கிலத்தில் அன்கவுன்டபிள். பணத்தை எண்ணாமல் வேறு எதை எண்ணுகிறோம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எண்ண முடியுமா என்ற கேள்வி பொருளைப் பற்றியது அல்ல, சொல்லைப் பற்றியது. கையில் இருக்கும் நோட்டுகளை எண்ணுகிறோம், டாலரை எண்ணுகிறோம். 'ஒன் டாலர், டூ டாலர்ஸ்' சரி. 'ஒன் மணி, டூ மணீஸ்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'டாலர்' கவுன்டபிள், 'மணி' அன்கவுன்டபிள். அறையில் கிடக்கும் மேசை நாற்காலிகளை எண்ணிவிடலாம். ஆனாலும் 'சேர்' கவுன்டபிள், அவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் 'ஃபர்னிச்சர்' அன்கவுன்டபிள்.

ஒரு சொல் கவுன்டபிள் என்றால் ஒருமையில் அது தனியாக நிற்காது. முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது ஒன்று கட்டாயம். 'ஐ பாட் பென்' என்பது பிழை; 'ஐ பாட் எ பென்' என்பதே சரி. தமிழில் 'பேனா வாங்கினேன்' என்றால் நிறைவாக இருப்பதால் இந்த 'எ' நம் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். பன்மையில் 'எஸ்' சேரும், 'ஆர்' வரும், 'மெனி', 'எ ஃபியூ' வரும்.

அன்கவுன்டபிள் என்றால் 'எ', 'ஆன்' வராது, 'எஸ்' சேராது, எவ்வளவு இருந்தாலும் 'இஸ்'தான், 'மெனி'க்குப் பதில் 'மச்', 'எ ஃபியூ'வுக்குப் பதில் 'எ லிட்டில்'. இரண்டுக்கும் பொருந்தும் சொற்களும் உண்டு: 'சம்', 'எனி', 'எ லாட் ஆஃப்', 'மோர்'. அவசரத்தில் சந்தேகம் வந்தால் 'எ லாட் ஆஃப்' போட்டுத் தப்பிக்கலாம். 'எஸ்' பிரச்சினை அப்போதும் தீராது என்பதுதான் வருத்தம்.

தமிழர்கள் இங்கே தவறுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, தமிழ்தான். இரண்டு திசையிலிருந்தும் அது இழுக்கிறது.

ஒரு பக்கம், தமிழில் அஃறிணைக்குக் 'கள்' கட்டாயமில்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் இலக்கணப்படி சரி. இதையே பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறோம். 'பத்துப் புத்தகம் வாங்கினேன்' என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை, பத்து என்று சொன்ன பிறகு பன்மையை இன்னொரு தரம் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தப் பழக்கத்தில்தான் 'டென் புக்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' எல்லாம் வருகின்றன. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் 'எஸ்' வேண்டும். 'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால் பலரில் ஒருவர் என்று பொருள். பலர் இருப்பதால் அடுத்து வரும் நவுன் பன்மை, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. வெர்ப் மட்டும் அந்த ஒருவரைப் பார்த்து 'இஸ்' என்று ஒருமையில் நிற்கும்.

மறுபக்கம், தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், சான்றுகள், ஆராய்ச்சிகள், கருவிகள், நகைகள் எல்லாம் இயல்பாகப் பன்மை ஏற்கும். அதே வேகத்தில் ஆங்கிலத்துக்குப் போனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'எவிடன்ஸஸ்', 'ஈக்விப்மென்ட்ஸ்', 'ஜுவல்லரீஸ்' என்று வந்து நிற்கும். இவை எதுவும் வழக்கமான பொருளில் 'எஸ்' ஏற்காது. தமிழில் 'கள்' ஏற்பதால்தான் இவை குறிப்பாக ஆபத்தானவை. 'வாட்டர்', 'சாண்ட்' போன்றவற்றை எண்ண முடியாது என்பது தமிழ்க் காதுக்கே தெரியும். அவற்றில் யாரும் தவறுவதில்லை.

ஆகவே நீளமான பட்டியல் தேவையில்லை. தமிழில் பன்மை ஏற்று ஆங்கிலத்தில் ஏற்காதவற்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் போய்விடும். மேலே சொன்னவற்றோடு ஃபர்னிச்சர், லக்கேஜ், மெஷினரி, ஹோம்ஒர்க், சாஃப்ட்வேர், ஹார்டுவேர், ஸ்டேஷனரி, சீனரி, டிராஃபிக், ஃபீட்பேக், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், ரிசர்ச் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நியூஸ்' கடைசியில் 'எஸ்' வைத்துக்கொண்டு ஏமாற்றும். அதுவும் ஒருமைதான், 'தி நியூஸ் இஸ் குட்'.

சரி, ஒரே ஓர் அறிவுரையைச் சொல்ல வேண்டுமென்றால்? அன்கவுன்டபிள் சொல்லை எண்ணுவதற்கு முன்னால் ஓர் அளவுச் சொல்லைக் கட்ட வேண்டும். அதிகம் உதவுவது 'எ பீஸ் ஆஃப்': எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீஸஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன், த்ரீ பீஸஸ் ஆஃப் லக்கேஜ். 'எஸ்' அளவுச் சொல்லில்தான் சேரும், நவுனில் சேராது. செய்திக்கு 'ஆன் ஐட்டம் ஆஃப் நியூஸ்', திரவத்துக்கு 'எ டிராப் ஆஃப்', 'எ கிளாஸ் ஆஃப்', பிரெட்டுக்கு 'எ லோஃப் ஆஃப்' அல்லது 'எ ஸ்லைஸ் ஆஃப்'. இல்லையென்றால் சொல்லையே மாற்றிவிடலாம்: 'லக்கேஜ்' எண்ண முடியாது, 'பேக்' எண்ணலாம், 'ஒர்க்' எண்ண முடியாது, 'ஜாப்', 'டாஸ்க்' எண்ணலாம், 'சாஃப்ட்வேர்' எண்ண முடியாது, 'புரோகிராம்' எண்ணலாம்.

இரட்டை வேடம் போடும் சொற்கள்தான் சுவாரசியமானவை. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி என்ற பொருள்; 'எ கிளாஸ்' என்றால் குடிக்கும் தம்ளர்; 'கிளாஸஸ்' என்றால் மூக்குக்கண்ணாடியும்கூட. 'பேப்பர்' காகிதம், 'எ பேப்பர்' செய்தித்தாளோ ஆய்வுக் கட்டுரையோ. 'அயர்ன்' இரும்பு, 'ஆன் அயர்ன்' துணி தேய்க்கும் பெட்டி. 'எக்ஸ்பீரியன்ஸ்' வேலை பார்த்துச் சேர்த்த அனுபவம், 'ஆன் எக்ஸ்பீரியன்ஸ்' ஒரு நாள் நடந்த ஒரு நிகழ்வு. விண்ணப்பத்தில் 'ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸஸ்' என்று எழுதினால் பொருளே தடம் மாறிவிடும். 'டைம்' நேரம், 'த்ரீ டைம்ஸ்' மூன்று தடவை. 'ரூம்' இடவசதி, 'எ ரூம்' அறை. தலைமுடி முழுவதும் 'ஹேர்', ஒருமை: 'ஹெர் ஹேர் இஸ் லாங்'. சாப்பாட்டில் கிடந்த ஒற்றை முடி 'எ ஹேர்'. 'ஒர்க்' வேலை, 'எ ஒர்க்' ஒரு கலைப்படைப்போ நூலோ. அதனால்தான் 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்' என்று சொன்னால், நிறைய வேலை இருக்கிறது என்று கேட்பவருக்குப் படாமல், நிறையப் படைப்புகள் வைத்திருப்பவர் போலப் படும்.

'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டும் ஒன்றல்ல. 'ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நாலைந்து நண்பர்கள் இருக்கிறார்கள் என்ற நிறைவு. 'ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நண்பர்களே அதிகம் இல்லை என்ற குறை. 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் இதே வேறுபாடு, அன்கவுன்டபிள் பக்கத்தில். ஓர் 'எ' விட்டுப்போனால் தொனி தலைகீழாகிவிடும்.

ஒரு சொல் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிகளில் நவுனுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'யு' என்ற எழுத்து இருக்கும். 'சி' கவுன்டபிள், 'யு' அன்கவுன்டபிள். ஒரே சொல்லுக்கு முதல் பொருளில் 'யு', இரண்டாவது பொருளில் 'சி' என்று இருந்தால் அது இரட்டை வேடக்காரச் சொல். பொதுவான அகராதிகள் பலவற்றில் இந்தக் குறி இருப்பதில்லை. வாங்குமுன் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கலெக்டிவ் நவுன்: கூட்டத்துக்கு 'இஸ்'ஸா 'ஆர்'ரா

பலர் சேர்ந்த ஒரு குழுவை ஒரே சொல்லால் சொல்வது கலெக்டிவ் நவுன்: டீம், கமிட்டி, ஜூரி, ஃபேமிலி, கிரவுட், ஃப்ளாக், ஹெர்ட். இவற்றை எண்ணலாம், 'டூ டீம்ஸ்', 'த்ரீ ஃபேமிலீஸ்'. ஃபர்னிச்சரும் பல பொருள்களைச் சேர்த்துத்தானே சொல்கிறது, அதையும் கலெக்டிவ் என்று சொல்லலாமே என்று தோன்றும். 'டீம்' எண்ண முடிவது, 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாதது. வாக்கியத்தில் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் பிரித்தே வையுங்கள்.

'தி டீம் இஸ்' என்பதா, 'தி டீம் ஆர்' என்பதா? அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'இஸ்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு: குழுவை ஒரே அலகாக நினைத்தால் 'இஸ்', உறுப்பினர்களைத் தனித்தனியாக நினைத்தால் 'ஆர்'. எதைத் தேர்ந்தாலும் அதே வாக்கியத்தில் அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும். 'தி டீம் இஸ்' என்று தொடங்கிவிட்டு 'தேர் கோச்' என்று முடிப்பதைவிட 'இட்ஸ் கோச்' என்பது ஒழுங்கு.

இதில் விருப்பத்துக்கு இடமே தராத சில சொற்கள் உண்டு. 'போலீஸ்' எப்போதும் பன்மை: 'தி போலீஸ் ஆர் கமிங்'. தமிழில் 'போலீஸ் வந்தது' என்பதும் 'ஒரு போலீஸ்' என்பதும் சாதாரணம். ஆங்கிலத்தில் ஒருவர் என்றால் 'எ போலீஸ் ஆஃபிஸர்'. கால்நடைகளைக் குறிக்கும் 'கேட்டில்', ஆட்களைக் குறிக்கும் 'பீப்பிள்' இரண்டும் இப்படித்தான் பன்மையாகவே நிற்கும். 'ஸ்டாஃப்' என்பது ஊழியர் குழு முழுவதையும் குறிக்கும். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்', பத்துப் பேர் 'டென் ஸ்டாஃப்ஸ்' ஆக மாட்டார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கண்ணி. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்றால் பல மாணவர்கள் வரவில்லை, பன்மை. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபார்ட்டி' என்றால் எண்ணிக்கை நாற்பது, எண்ணிக்கை ஒன்றுதான், ஒருமை.

மெட்டீரியலும் அப்ஸ்ட்ராக்டும்

மெட்டீரியல் நவுன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்கம், மரம், பருத்தி, நீர் என்று ஒரு பொருள் எதனால் ஆனதோ அதன் பெயர். அன்கவுன்டபிளின் விதிகளே இதற்கும்.

அப்ஸ்ட்ராக்ட் நவுனில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது என்பதால் எண்ண முடியாதது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 'ஐடியா', 'ப்ராப்ளம்', 'ட்ரீம்', 'ஒபீனியன்' எல்லாம் அப்ஸ்ட்ராக்ட், எல்லாவற்றையும் எண்ணலாம். 'ஹானஸ்டி', 'கரேஜ்', 'பேஷன்ஸ்' அப்ஸ்ட்ராக்ட், எண்ண முடியாது. அதனால்தான் மூன்றாவது கேள்வியால் இலக்கணத்தில் பயன் குறைவு.

அப்ஸ்ட்ராக்டில் உண்மையில் உழைக்க வேண்டிய இடம் சொல்லாக்கம். தமிழில் 'மை' சேர்த்து இனிமை, கடுமை என்று வருவது போல ஆங்கிலத்தில் பல விகுதிகள் இருக்கின்றன. 'கைண்ட்' என்பதிலிருந்து 'கைண்ட்னஸ்', 'ஏபிள்' என்பதிலிருந்து 'எபிலிட்டி', 'ஃப்ரீ' என்பதிலிருந்து 'ஃப்ரீடம்', 'சைல்டு' என்பதிலிருந்து 'சைல்டுஹுட்', 'ஃப்ரெண்ட்' என்பதிலிருந்து 'ஃப்ரெண்ட்ஷிப்', 'மூவ்' என்பதிலிருந்து 'மூவ்மென்ட்'. எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்பதற்குப் பொது விதி கிடையாது. சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும். உள்ளேயும் மாறும் சில: லாங் - லெங்த், ஸ்ட்ராங் - ஸ்ட்ரெங்த், சூஸ் - சாய்ஸ், லூஸ் - லாஸ், பூர் - பாவர்ட்டி. 'சக்சீட்' வெர்ப், 'சக்சஸ்' நவுன். 'ஐ வில் சக்சஸ்' என்று அடிக்கடி கேட்கிறோம், அது பிழை.

பன்மையில் சிக்குபவை

'எஸ்' சேர்ப்பது எளிது. எழுத்து மாறும் இடங்களை மட்டும் பார்ப்போம். 'ஒய்'யில் முடியும் சொல்லில், 'ஒய்'க்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால் 'ஐஇஎஸ்', உயிரெழுத்து இருந்தால் வெறும் 'எஸ்'. அதனால் 'சிட்டி'யில் மாறும், 'கீ'யில் மாறாது. ஆட்பெயரில் மட்டும் எழுத்தைத் தொடக் கூடாது, 'தி கென்னடீஸ்' என்று கென்னடி குடும்பத்தைச் சொல்லும்போது 'ஒய்' அப்படியே இருந்து 'எஸ்' சேரும். 'எஃப்'பிலோ 'எஃப்இ'யிலோ முடிபவை குறும்பானவை: 'லீஃப்' லீவ்ஸ் ஆகும், 'நைஃப்' நைவ்ஸ் ஆகும், ஆனால் 'ரூஃப்', 'சீஃப்', 'ப்ரூஃப்', 'பிலீஃப்' எல்லாம் வெறும் 'எஸ்' மட்டும் ஏற்கும்.

மென், ஃபீட், டீத், மைஸ், சில்ட்ரன், ஆக்ஸன் ஆகியவற்றுக்கு 'எஸ்' கிடையாது. ஷீப், டீர், ஏர்கிராஃப்ட், சீரீஸ், ஸ்பீஷீஸ் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றே. 'ஃபிஷ்' பொதுவாக மாறாது; பல இன மீன்களைப் பற்றிப் பேசும்போது 'ஃபிஷஸ்' வரும். கிரேக்கம், லத்தீன் வழி வந்த சில சொற்கள் பழைய பன்மையையே வைத்திருக்கின்றன: க்ரைசிஸ் - க்ரைசீஸ், க்ரைட்டீரியன் - க்ரைட்டீரியா, ஃபினாமினன் - ஃபினாமினா. 'திஸ் க்ரைட்டீரியா' என்று எழுதாதீர்கள், அது பன்மை.

இரண்டு பாகம் கொண்ட பொருள்கள் எப்போதும் பன்மை. கத்தரிக்கோல் நமக்கு ஒன்று, ஆங்கிலத்தில் 'வேர் ஆர் மை சிஸர்ஸ்?'. ட்ரவுசர்ஸ், ஸ்பெக்டகிள்ஸ் இரண்டும் அப்படியே. ஒன்று என்று அழுத்திச் சொல்ல 'எ பேர் ஆஃப்' போட வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'மேத்தமேடிக்ஸ்', 'ஃபிசிக்ஸ்', 'மீசில்ஸ்' மூன்றும் 'எஸ்' இருந்தும் ஒருமை.

இரு நவுன் சேர்ந்த கூட்டுச் சொல்லில் முன்னது பெரும்பாலும் ஒருமையில் இருக்கும்: எத்தனை ஷூ இருந்தாலும் 'ஷூ ஷாப்'தான். 'ஃபாதர்-இன்-லா'வின் பன்மை 'ஃபாதர்ஸ்-இன்-லா'. முக்கியச் சொல் எதுவோ அதில் 'எஸ்'. எண்ணும் நவுனும் சேர்ந்து இன்னொரு நவுனை விளக்கினால் நடுவில் சிறுகோடு, 'எஸ்' கிடையாது: 'எ டென்-மினிட் வாக்', 'எ ஃபைவ்-இயர்-ஓல்டு சைல்டு'. பால் பற்றி ஒரு வார்த்தை: ஆங்கிலத்தில் 'கசின்' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 'கசின் பிரதர்' என்பது நம் பெரியப்பா மகனையும் மாமன் மகனையும் பிரித்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு வெறும் 'கசின்' போதும்.

ஒரு மின்னஞ்சலைப் பிரித்துப் பார்ப்போம்

அலுவலகங்களில் அடிக்கடி காணக்கூடிய மாதிரி இது: 'ஐ ரிசீவ்டு ஆல் தி ஈக்விப்மென்ட்ஸ். பட் தேர் ஆர் நோ இன்ஃபர்மேஷன்ஸ் அபவுட் தி நியூ சாஃப்ட்வேர்ஸ். ஒன் ஆஃப் மை காலீக் இஸ் ஆன் லீவ், சோ ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ். ப்ளீஸ் கிவ் மீ யுவர் அட்வைஸஸ்.'

நான்கு வரியில் ஆறு நவுன் தவறியிருக்கிறது. ஐந்தில் வேண்டாத 'எஸ்': ஈக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், சாஃப்ட்வேர், ஒர்க், அட்வைஸ். ஒன்றில் வேண்டிய 'எஸ்' இல்லை: காலீக். 'ஆர்', 'மெனி' இரண்டும் தனிப் பிழைகள் அல்ல, பக்கத்து நவுனைப் பன்மை என்று நம்பியதால் கூடவே வந்தவை. நவுனைச் சரிசெய்தால் இவையும் 'இஸ்' என்றும் 'எ லாட் ஆஃப்' என்றும் மாறியாக வேண்டும்.

திருத்தியது: 'ஐ ரிசீவ்டு ஆல் தி ஈக்விப்மென்ட். பட் தேர் இஸ் நோ இன்ஃபர்மேஷன் அபவுட் தி நியூ சாஃப்ட்வேர். ஒன் ஆஃப் மை காலீக்ஸ் இஸ் ஆன் லீவ், சோ ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க். ப்ளீஸ் கிவ் மீ யுவர் அட்வைஸ்.' வந்திருப்பது இரண்டு மென்பொருள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'தி டூ நியூ புரோகிராம்ஸ்' என்று சொல்லையே மாற்றிக்கொள்ளலாம்.